சிவப்புப் பாட்டிலும் கொல்லைத் தொட்டியும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று உறை இறக்கிய தொட்டி ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் தண்ணீரும் துணி துவைக்கும் தண்ணீரும் அதில் விழும். நிரம்பி வழிவது வாழைக்குப் போகும். அப்பா கட்டியது. அவர் இருந்தவரை அது நாறியதாக எனக்கு நினைவில்லை. அப்போது அதற்கு மூடி கிடையாது. கொசுவுக்குப் பயந்து சிமெண்ட் பலகை போட்டு மூடியவன் நான்தான். கோளாறு அந்தப் பலகையில் இருக்கிறது என்று எனக்குப் புரியப் பல மாதம் ஆனது.

பங்குனி வெயில் ஏறியதும் அழுகிய முட்டை வாடை கிளம்பும். சமையலறை ஜன்னலைத் திறக்க முடியாது. துவைக்கிற கல் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் என் மனைவியின் மெட்டி வாரத்துக்கு ஒரு தரம் கறுத்துப்போகும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவருக்குச் சந்தேகம். வெள்ளி நல்ல வெள்ளிதான். தொட்டியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்பான வெள்ளி சல்பைடு உண்டாகும். அலுமினியத் தாளில் வைத்துச் சுடுதண்ணீரும் ஆப்ப சோடாவும் ஊற்றினால் பழைய நிறம் வந்துவிடும். வந்தது. மெட்டியைக் காப்பாற்றியாயிற்று, தொட்டி பாக்கி.

அத்தான் வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிறார். ஒரு தடவை வந்தபோது பீட்ரூட் சாறு மாதிரி இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். "இது பிஎஸ்பி மாப்ள. குட்டை அடிச் சேறு நாறுனா நாங்க இதத்தான் ஊத்துவோம். நாலு நாள்ல நாத்தம் ஓடிரும், பாருங்க" என்றார். பலகையை நகர்த்தி ஊற்றினேன், மறுபடி மூடினேன். நாலு நாள் போயிற்று, பத்து நாள் போயிற்று. நாற்றம் எங்கும் ஓடவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தச் சிவப்பு என்ன என்று தேட ஆரம்பித்தேன். ஒளியை உண்டு வாழும் பாக்டீரியாக் கூட்டம் அது, அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் பிஎஸ்பி. அதில் மண்ணிலும் குளத்திலும் சாக்கடையிலும் பரவலாகக் கிடைக்கும் இனம் ரோடோசூடோமோனாஸ் பலஸ்ட்ரிஸ். பலஸ்ட்ரிஸ் என்றால் லத்தீனில் சதுப்பு நிலத்துக்குரியது என்று பொருள். 1907இல் ஹான்ஸ் மோலிஷ் என்ற தாவரவியலாளர் இதை விவரித்து வேறொரு பெயர் வைத்தார். இப்போதைய பெயர் 1944இல் வான் நீல் என்ற நுண்ணுயிரியலாளர் கொடுத்தது. இந்த வான் நீல்தான், இந்த இனமும் சேர்ந்த ஊதா பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்த்து, செடிகள் வெளியிடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்று ஊகித்தவர். ஏனென்றால் இந்தப் பாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கை செய்தாலும் ஆக்சிஜனே விடுவதில்லை. தண்ணீரை உடைக்கும் வேலை இவற்றுக்குத் தெரியாது. சாக்கடையில் ஊறுகிற அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களை எடுத்துக்கொண்டு, ஒளியின் சக்தியில் அவற்றைத் தன் உடம்பாக மாற்றிக்கொள்ளும். புளித்த வாடைக்குக் காரணமே அந்த அமிலங்கள்தான்.

காற்று இருந்தால் நம்மைப் போலச் சுவாசித்தும் வாழும். கரியமில வாயுவை வைத்தும் வாழும். காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் பிடிக்கும். 2004இல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, நைட்ரஜனைப் பிடிக்கும் நொதியில் மூன்று வகை இதற்கு இருப்பது தெரிந்தது. ஒன்றுக்கு மாலிப்டினம் வேண்டும், ஒன்றுக்கு வனேடியம், இன்னொன்று இரும்பை மட்டும் வைத்துச் சமாளிக்கும். அமெரிக்காவில் கரோலின் ஹார்வுட் என்ற நுண்ணுயிரியலாளர் பல வருடமாக ஆராய்ந்திருக்கும் விஷயம் இன்னொன்று: மரமும் வைக்கோலும் மக்கும்போது வரும் பென்சீன் வளைய மூலக்கூறுகளை இது காற்றே இல்லாமல் உடைக்கும். அந்த வளையம் லேசில் உடைகிற சாமான் இல்லை. மாசு அகற்றுகிறவர்கள் இந்த இனத்தின் மேல் கண் வைத்திருப்பது அதனால்தான்.

இவ்வளவு வேலை தெரிந்தது என் தொட்டியில் ஏன் சும்மா கிடந்தது? உள்ளே காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் இது ஒழுங்காக வளரும். இரண்டும் இல்லாத இடத்தில் நொதித்துப் பிழைப்பதெல்லாம் பேருக்குத்தான். பலகையை மூடி நான் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

சரி, நாமே வளர்த்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் வீட்டில் பிஎஸ்பி வளர்க்கிற எல்லோரும் செய்கிற முட்டை முறை. இரண்டு முட்டையை அடித்து, ஒரு ஸ்பூன் அஜினோமோட்டோ போட்டு, குட்டைத் தண்ணீரில் கலக்கி, பாட்டில் பாட்டிலாக ஊற்றி மாடி வெயிலில் வைத்தேன். மூன்றாவது வாரம் சிவந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பாட்டில்கள் பலூன் மாதிரி உப்பின. ஒன்றைத் திறந்தபோது வந்த வாடைக்குத் தொட்டியே தேவலாம். முட்டையில் கந்தகம் அதிகம். அது அழுகினால் நான் ஒழிக்க நினைக்கும் அதே வாயுதான் வரும். உப்பியதற்கு அழுகல் வாயு ஒரு காரணம். அஜினோமோட்டோவும் இன்னொரு காரணமாக இருக்கலாம். அது குளூட்டமேட். அதில் வளரும்போது நைட்ரஜன் பிடிக்கும் நொதி ஓயாமல் ஓடி, கூடவே ஹைட்ரஜனையும் விடும். இந்தப் பாட்டில்களை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். மூடியை முறுக்கி இறுக்கவும் வேண்டாம்.

நண்பர் ஒருவர் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு சொட்டு கொண்டுபோனேன். "எத எல்லாம் இங்க தூக்கிட்டு வர்றப்பா" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நுண்ணோக்கியில் வைத்தார். பெரிய பெரிய செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பளபளவென்று மணி மணியாக ஏதோ இருந்தது. அவை கந்தக மணிகள். சல்பைடு நிறைந்த இடத்தில் செழிக்கும் ஊதா கந்தக பாக்டீரியா அது. குரோமேஷியம் வகையாக இருக்கும். நான் தேடும் பலஸ்ட்ரிஸ் செல்லுக்குள் கந்தகத்தைச் சேர்த்து வைக்காது. நிறைய சல்பைடு அதற்கு ஆகவும் ஆகாது. பாட்டில் சிவந்ததும் வெற்றி என்று நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். எந்தச் சிவப்பு என்று யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது முட்டை இல்லாத முறை. பலஸ்ட்ரிஸுக்குப் பிடித்த தீனி அசிட்டேட். வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்ந்தால் அதுதான். நான் போட்ட கணக்கு ஒரு லிட்டருக்கு இது: 4 சதவீத வினிகர் 60 மில்லி, அதில் முக்கால் தேக்கரண்டி ஆப்ப சோடா. நுரை அடங்கும்வரை கிளறிவிட்டு, அரை கிராம் டிஏபி உரத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்தேன். நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் வந்துவிடும். ஒரு சிட்டிகை எப்சம் உப்பு. கடைசியாக ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகையை அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றினேன். இந்த ஈஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்ற ஊட்டச்சத்தை பலஸ்ட்ரிஸால் தானே செய்துகொள்ள முடியாது. ஈஸ்ட்டில் அது இருக்கிறது. தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும்.

விதைக்கு ஊருக்குப் பின்னால் இருக்கும் அல்லிக் குட்டையின் ஓரச் சேறு இரண்டு ஸ்பூன். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பினேன். இதில் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். ஒரு பாட்டிலில் கரைசல் பத்தாமல் பாதியோடு விட்டு, தினமும் குலுக்கவும் செய்தேன். அது கலங்கியது, சிவக்கவே இல்லை. காற்று இருந்தால் இந்தப் பாக்டீரியா நிறமி செய்வதையே நிறுத்திவிடும். சுவாசித்து வாழ வழி இருக்கும்போது ஒளியைப் பிடிக்கும் செலவு எதற்கு என்று இருந்துவிடும்போல.

நிரம்பிய பாட்டில் கிழக்கு ஜன்னலில் ஐந்தாம் நாள் வெளிர் ரோஜா நிறமானது. பத்தாம் நாள் நல்ல செம்மண் சிவப்பு. அதிலிருந்து பத்தில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் கரைசலில் விட்டேன். இப்படி மூன்று தடவை மாற்றியதும் சேற்றில் வந்த மற்ற கும்பல் குறைந்து, நான்கே நாளில் சிவக்க ஆரம்பித்தது. வாடை மட்டமில்லை, மழை பெய்த மண் வாடை மாதிரி. மீன் தொட்டிக் கடையில் விற்கும் பிஎச் சொட்டு போட்டுப் பார்த்தால் 7இல் ஆரம்பித்தது 8க்கு மேல் போயிருந்தது. அசிட்டேட் காலியாகிறது என்று அர்த்தம். மறுபடி நண்பரிடம் போனேன். சின்னச் சின்னக் குச்சிகள், மணிகள் இல்லை. சில இடத்தில் பூப்போல ஒன்றோடொன்று அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன. பலஸ்ட்ரிஸ் அப்படி ஒட்டும். சரிபாதியாகப் பிரியாமல் மொட்டு விட்டுப் பெருகுவதும் அதன் குணம். இதை வைத்து இன்ன இனம்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதற்கு மரபணுவைப் படிக்க வேண்டும். நெருங்கிய சொந்தமாவது இருக்கும் என்ற நம்பிக்கையில் மேலே போனேன்.

நடுவில் ஒரு வாரம் கோடை மழை. வெயில் இல்லை. நல்ல வெளிச்சமான வெள்ளை எல்இடி விளக்கைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு வாரத்தில் பாட்டில் பச்சையாகிவிட்டது. பாசி. இது என் தொழிலுக்குப் பக்கத்து விஷயம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இந்தப் பாக்டீரியாவின் பச்சையம் வேறு வகை. அது முக்கியமாகப் பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, 800 முதல் 880 நானோமீட்டர் சுமாருக்கு. குட்டையில் மேலே மிதக்கும் பாசி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை எல்லாம் தின்றுவிடும். கீழே மிச்சம் இறங்குவதை வைத்து வாழப் பழகிய பிறவி இது. வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு கிட்டத்தட்டக் கிடையாது. பழைய குண்டு பல்பில் ஏராளம். நான் எல்இடி போட்டு உபசரித்தது பாசியைத்தான்.

எனக்கு சிசிடிவி மாட்டும் வேலை. இரவில் பார்க்கும் கேமராக்களில் லென்சைச் சுற்றி வட்டமாகச் சின்ன விளக்குகள் இருக்கும், இருட்டில் மங்கலாகச் சிவப்பாகத் தெரியும். அவை பெரும்பாலும் 850 நானோமீட்டர். செத்துப்போன கேமராக்கள் என் அலமாரியில் ஒரு மூட்டை. நான்கிலிருந்து விளக்கு வளையங்களைக் கழற்றி, 12 வோல்ட் அடாப்டரில் சேர்த்து, ஓர் அட்டைப் பெட்டிக்குள் பாட்டிலைச் சுற்றி ஒட்டினேன். அந்த வளையத்தில் வெளிச்ச உணரி ஒன்று இருக்கும். பகலில் விளக்கை அணைத்துவிடும். அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் எப்போதும் எரியும். பெட்டியை மூடினால் உள்ளே நம் கண்ணுக்குக் கும்மிருட்டு. ஆறாம் நாள் திறந்தேன். பச்சை துளியும் இல்லை, அடர் சிவப்பு. இத்தனை நாள் திருடனைப் பிடிக்க மாட்டிய விளக்கு கிருமிக்குச் சோறு போட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

கேமரா இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கலர் கண்ணாடித் தாளில் சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாட்டிலில் சுற்றி வெயிலில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஏறக்குறைய முழுதும் நின்றுவிடும். அகச்சிவப்பு உள்ளே போகும். போகிறதா என்று பார்க்க, டிவி ரிமோட்டின் முனையில் அந்தத் தாள்களைப் பிடித்து பட்டனை அழுத்தி, செல்போனின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி மினுங்கினால் தாள் சரி. அக்னி நட்சத்திர வெயிலில் மட்டும் மாடியில் வைக்க வேண்டாம். 30 முதல் 37 டிகிரி வரை இதற்குச் சுகம். மே மாதம் நான் மறந்து விட்டுவிட்ட இரண்டு பாட்டில்கள் தொட முடியாத சூடேறி, வெளிறிச் செத்துப்போயின.

இருபது லிட்டர் சிவப்புக் கரைசல் சேர்ந்ததும் தொட்டியில் கொட்டக் கை துறுதுறுத்தது. ஒரு தடவை சூடுபட்டதால் முதலில் மூன்று காலிப் பெயிண்ட் வாளிகளில் தொட்டித் தண்ணீரை நிரப்பினேன். முதல் வாளியில் ஒரு லிட்டர் சிவப்பு, வெயிலில். இரண்டாவதில் ஒன்றும் விடவில்லை, அதுவும் வெயிலில். மூன்றாவதில் ஒரு லிட்டர் சிவப்பு விட்டு, மூடி போட்டேன். மூன்றின் மேலும் பழைய வெள்ளி மெட்டி ஒவ்வொன்றை நூலில் தொங்கவிட்டேன். மனைவியிடம் அனுமதி வாங்கித்தான்.

முதல் வாளி ஐந்தாம் நாள் நாற்றம் விட்டது, தண்ணீர் சிவந்தது, மெட்டி லேசாக மஞ்சளித்ததோடு நின்றது. மூன்றாவது வாளி பதினைந்து நாள் கழித்தும் அப்படியே. மெட்டி கரி. இதுவரை எதிர்பார்த்ததுதான். இரண்டாவது வாளிதான் என்னை யோசிக்கவைத்தது. ஒன்பதாம் நாள் உள்சுவரில் திட்டுத் திட்டாக ரோஜா நிறம். பன்னிரண்டாம் நாள் அதுவும் சிவந்து, நாற்றம் அடங்கிவிட்டது. நான் அதில் ஒரு சொட்டுகூட விடவில்லை. என் சாக்கடையிலேயே இவர்கள் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள். வெளிச்சம் கிடைத்ததும் எழுந்து வந்துவிட்டார்கள். பாட்டில் பாட்டிலாக நான் வளர்த்ததற்கு மொத்தப் பலன் ஒரு வாரம் முன்னால் வந்தது, அவ்வளவே. அப்பா காலத்தில் தொட்டி ஏன் நாறவில்லை என்பதற்கும் எனக்குப் பதில் கிடைத்தது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. சல்பைடு எங்கிருந்து வருகிறது? துணி சோப்புத் தூளில் எடைக்குச் சேர்க்கும் சரக்கு பெரும்பாலும் சோடியம் சல்பேட். சோற்றுக்கஞ்சியும் எண்ணெயும் உணவாக, சல்பேட்டைச் சுவாசிக்கப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் இருட்டுத் தொட்டியில் அதைச் சல்பைடாக மாற்றிவிடும். சமையலறைத் தண்ணீரையும் துவைக்கிற தண்ணீரையும் ஒன்றாகக் கலந்து நாமே விருந்து வைக்கிறோம். துவைக்கிற தண்ணீரைத் தனிக் குழாயில் தென்னைப் பக்கம் திருப்பினேன். அதிலேயே பாதி நாற்றம் போயிற்று. இதற்குப் பாக்டீரியாவும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். அரை நாள் பிளம்பர் கூலி.

மீதிப் பாதிக்கு ஒரு வாய்க்கால் கட்டினோம். பத்தடி நீளம், இரண்டடி அகலம், உள்ளே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் நிற்கும். கணக்குப் போட்டால் 370 லிட்டர் பிடிக்கும். எங்கள் சமையலறைத் தண்ணீர் நாளைக்கு 120 லிட்டர் சுமாருக்கு வரும். ஆக மூன்று நாள் வாய்க்காலில் தங்கும். பழைய தொட்டி இப்போது எண்ணெய் ஆடையும் சோற்றுப் பருக்கையும் தங்குவதற்கு மட்டும். வாய்க்காலின் அடியில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பரப்பினேன், ஒட்டி வளர இடம் வேண்டுமே. மேலே சாய்வாக நிறமில்லாத பாலிகார்பனேட் ஷீட். வெளிச்சம், அகச்சிவப்பு இரண்டையும் விடும், கொசுவை விடாது. செலவில் பெரும் பங்கு அந்த ஷீட்டுக்குத்தான் போனது. கடைசி இரண்டடியைத் திறந்து விட்டு ஜல்லி கொட்டிக் கல்வாழை நட்டேன், நைலான் வலையும் போட்டேன். தண்ணீர் கொஞ்சம் காற்றுப் பட்டு அப்புறம் வாழைக்குப் போகும். கீரைப் பாத்திக்கு இதை விடுவதில்லை. நாற்றம் போனதை வைத்து நோய்க்கிருமி போய்விட்டது என்று சொல்ல முடியாது.

பலகையைப் புரட்டித் தொட்டியில் வேலை செய்தபோது கொத்தனார் உள்ளே எட்டிப் பார்க்கக் குனிந்தார். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். மூடிக் கிடந்த தொட்டிக்குள் தலையை விடவே கூடாது. இந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அடுத்து ஆளே விழுந்துவிடுவார். ஒரு பகல் முழுக்கத் திறந்துபோட்டு, வெளியில் நின்றே வாளியால் இறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தோம்.

வாய்க்காலில் முதல் நாள் என் இருபது லிட்டரையும் கொட்டினேன். தேவையில்லைதான், வளர்த்ததை என்ன செய்வது. ஒரு வாரத்தில் ஓட்டுச் சில்லெல்லாம் செங்கல் நிறத்தில் வழுவழுத்தது. ஆடி முழுக்க ஜன்னல் திறந்தே இருந்தது. ஐப்பசி மழையில் பத்து நாள் தொடர்ந்து வெயில் இல்லாமல் போனபோது சிவப்பு மங்கி, பழைய வாடை லேசாகத் தலைகாட்டியது. 370 லிட்டருக்கு கேமரா விளக்கு மாட்டுவது பைத்தியக்காரத்தனம், மனைவி சொல்வதற்கு முன்னால் நானே விட்டுவிட்டேன். வெயில் வந்ததும் நான்கு நாளில் சரியாயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அடியில் சேரும் கசடை வாரி எருக்குழியில் போடுகிறேன். ஷீட்டின் உள்பக்கம் படியும் பாசியைத் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே போகிற வெளிச்சம் குறையும்.

பொங்கலுக்கு வந்த அத்தான் வாய்க்காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நம்ம பாட்டில் வேலை செஞ்சிருச்சு பாத்தீங்களா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது இங்கிருந்து ஐந்து லிட்டர் கேட்டார், குட்டைக்கு ஊற்ற. "இது நல்ல தண்ணில வளந்தது அத்தான், உங்க உப்புத் தண்ணில நிக்குமான்னு தெரியல. அதுக்குன்னு வேற ஜாதி இருக்கு, உங்க கரைச் சேத்துலயே கிடைக்கும்" என்று சொல்லி, காலி பாட்டிலும் வினிகர் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டும் கொடுத்தனுப்பினேன். கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் குட்டைத் தண்ணீரையே விடச் சொல்லியிருக்கிறேன். நேற்றுப் போனில் படம் அனுப்பினார். ஜன்னலில் பாட்டில், மூன்றாம் நாள், இன்னும் சேற்று நிறம்தான். "மூடிய ரொம்ப இறுக்காதீங்க" என்று பதில் போட்டேன்.